பெயின்ட் அடிக்க முன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்



ஊருக்குக் கிடைத்த போட்டைப் பற்றி இரண்டு கிழமையாக வட்ஸ்அப் குரூப்களில் ஓடும் பேச்சை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வெளிநாடு போகும் சகோதரர் ஒருவர் தன்னுடைய 19 அடி பைபர் போட்டையும், அதோடு சேர்ந்த பழைய 15 குதிரைவலு என்ஜினையும், மாரி வெள்ளத்துக்கு உதவட்டும் என்று ஒரு சதமும் வாங்காமல் தந்திருக்கிறார். அல்லாஹ் அவருடைய ஸதகாவை ஏற்றுக்கொள்வானாக.

குரூப்பில் அதற்குள் மூன்று விசயம் முடிவாகிவிட்டது. நிறம் பச்சையும் வெள்ளையும். பக்கத்தில் எழுத வேண்டிய பெயர் இன்னது. திறப்பு விழாவுக்கு அழைக்க வேண்டிய பிரமுகர் இன்னார். அந்த போட் மிதக்குமா என்ற விசயம் மட்டும் இன்னும் பேச்சில் வரவில்லை.

ஆகவே நாங்கள் நாலைந்து பேர், பைபர் வேலை தெரிந்த ஒரு காக்காவையும் ஒரு என்ஜின் பாஸையும் கூட்டிக்கொண்டு போய், இரண்டு சனிக்கிழமை முழுக்க அதைப் பார்த்தோம். பார்த்ததையும், அதிலிருந்து எங்களுக்குத் தோன்றியதையும் ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீளமாக இருக்கும். பொறுமையாக வாசியுங்கள்.

"சும்மா கெடச்ச போட்டுக்கு என்னத்துக்கு சேர் இவ்வளவு விசாரணை?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். இதில் ஏறப்போவது நம்முடைய பிள்ளைகள்.

நம் கரையோரத்துக்கு இலவச போட் புதிதும் இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த போட்டுகள் நம்மில் முப்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். கரை முழுக்க வள்ளங்கள் உடைந்து கிடந்த நேரத்தில் உலகமெல்லாம் இருந்து உதவி வந்தது. அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் அவசரத்தில் வார்க்கப்பட்ட போட்டுகளில் பல தரமில்லாதவையாக இருந்தன. சில இடங்களில் சுனாமிக்கு முன் இருந்ததை விடக் கூடுதலான சிறு போட்டுகள் வந்து குவிந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே இந்த இரண்டையும் பற்றி எச்சரித்தது. வாங்கியவர்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவன் பத்துத் தரம் தட்டிப் பார்ப்பான். சும்மா வாங்குகிறவன் தட்டிப் பார்த்தால் நன்றி கெட்டவன் என்று பெயர் வரும். இந்தக் கூச்சம்தான் இலவசப் பொருளில் உள்ள பெரிய ஓட்டை என்று நாங்கள் நினைக்கிறோம். (அந்தக் காலத்துப் போட்டுகள் சிலவற்றில் அடிப்பக்கம் போன பிறகும் பக்கத்தில் எழுதியிருந்த நிறுவனத்தின் பெயர் அழியாமல் இருந்தது. பெயின்ட் நல்ல பெயின்ட்.)

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், இரண்டு நவம்பர் மாதங்கள் இன்னும் நெஞ்சில் இருக்கின்றன. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளிப் பக்கம், வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்த வெள்ளத்தில், மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. ஜனாஸாக்களைத் தேடி எடுக்கவே நாட்கள் சென்றன. அதற்கு மூன்று வருடம் முன்னால், 2021 நவம்பர் 23ஆம் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியும் வரை ஓடிக்கொண்டிருந்த மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மரணித்தார்கள். முதலாவதை நினைத்தால், மாதுறு ஓயாத் தண்ணீர் இறங்கும் நம் பக்கத்திலும் ஒரு போட் இருக்கத்தான் வேண்டும் என்று மனம் சொல்கிறது. இரண்டாவதை நினைத்தால், மிதக்கிற எதிலும் பிள்ளையை ஏற்றிவிட முடியாது என்று அதே மனம் சொல்கிறது. இரண்டும் சரி. அதனால்தான் தட்டிப் பார்க்கப் போனோம்.

போட் ஆறேழு வருடமாகப் பூவரச மரத்தடியில், கவிழ்த்து வைக்கப்படாமல், மழைத்தண்ணீரும் இலைச்சேறுமாகக் கிடந்திருக்கிறது. அள்ளிக் கழுவிக் காயவிட்ட பிறகு, ஒரு சாணுக்கு ஒரு தரம் பத்து ரூபாய்க் குற்றியால் தட்டிக்கொண்டே போனோம். நல்ல பைபர் 'டங்' என்று கணீரென்று கேட்கும். உள்ளே அடுக்குப் பிரிந்திருந்தாலோ ஈரம் ஏறியிருந்தாலோ 'தொப்' என்று அமுங்கிக் கேட்கும். அமுங்கிய இடங்களையெல்லாம் வெண்கட்டியால் வட்டமிட்டோம். வகுப்பறை வெண்கட்டிக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

நல்ல செய்தி: அடிப்பக்கமும் இரண்டு விலாவும் பெரும்பாலும் கணீர். எல்லோரையும் பயமுறுத்திய அந்தச் சிலந்திவலைக் கீறல்கள் மேல்பூச்சோடு நிற்பவை. வெயிலில் பொரிந்து வெளுத்ததும் அப்படித்தான், பார்வைக்கு மட்டும் அசிங்கம். உண்மையான விரிசல் ஒன்றே ஒன்று. அடியில், கல்லில் இழுபட்ட இடத்தில், ஒரு சாண் நீளம். அதற்குப் புட்டி அப்பி மூடினால் அடுத்த கல்லில் திரும்பத் திறக்கும். விரிசலின் இரண்டு பக்கமும் பைபரின் தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீற்றர் தடிப்பென்றால் ஒவ்வொரு பக்கமும் 7 சென்ரிமீற்றருக்குக் குறையாமல். பிறகு பாயை அடுக்கடுக்காகப் போட்டு ரெசின் ஊட்டி எழுப்ப வேண்டும். இரண்டு நாள் வேலை. செய்யலாம்.

கெட்ட செய்தி பின்பக்கம்.

என்ஜினைத் தூக்கி மாட்டும் பின்பலகை, பார்க்க முழுக்க பைபர் போலத்தான் இருக்கும். உள்ளே பலகை இருக்கிறது. ஒட்டுப்பலகையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பைபரால் மூடியிருப்பார்கள். என்ஜின் ஆணிக்காகத் துளைத்த துளையை ரெசின் விட்டு அடைக்காவிட்டால், அந்தத் துளை வழியே தண்ணீர் உள்ளே போகும். பிறகு வெளியே வர வழியில்லை. வெளித்தோல் புதுசு போல நிற்க, உள்ளே பலகை வருடக்கணக்கில் உக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. என்ஜினை மேலே சாய்த்து, அதன் காலைப் பிடித்து ஒரு ஆள் மேலும் கீழும் அசைக்க, இன்னொரு ஆள் பின்பலகையின் இரண்டு மூலையையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நம்முடையதில் இரண்டு மூலையும் வாய் திறந்து மூடின. உட்பக்கத்தில் சிறிய துளையொன்று போட்டோம். காய்ந்த, வெளிறிய மரத்தூள் வந்திருக்க வேண்டும். வந்தது தேயிலைச் சக்கை மாதிரிக் கறுப்பாக, ஈரமாக, நாறிக்கொண்டு. பக்கத்தில் நின்ற காக்கா ஒன்றும் பேசவில்லை, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதுதான் அவருடைய அறிக்கை.

15 குதிரைவலு என்ஜின் தனியே 40 கிலோ அளவில் வரும். ஓடும்போது தள்ளுகிற விசை வேறு. அவ்வளவும் இப்போது பலகையில் இல்லை, இரண்டு மெல்லிய பைபர்த் தோலில் தொங்குகிறது. நடுத்தண்ணீரில் அது பிரிந்தால் என்ஜினும் போகும், பின்பக்கமும் திறந்துவிடும்.

"மேலே ஒரு அலுமினியத் தகட்டை வைத்து ஆணி இறுக்கினால் போதும்" என்று குரூப்பில் ஒரு யோசனை வந்தது. தயவுசெய்து வேண்டாம். உக்கின பலகைக்கு இன்னும் நாலு துளை போடுவதுதான் அது. உட்தோலை வெட்டி எடுத்து, உக்கினதை முழுக்கத் தோண்டி, நன்றாகக் காயவிட்டு, படகுக்கென்று வரும் ஒட்டுப்பலகையை அடுக்கி ஒட்டி, பைபரால் மூட வேண்டும். வீட்டு அலுமாரி செய்கிற பலகை தண்ணீரில் ஏடு ஏடாகப் பிரியும். ஆணித்துளைகளைப் பெரிதாகப் போட்டு, ரெசினால் நிரப்பி, அது இறுகிய பிறகு அதற்குள் திரும்பத் துளைத்தால் தண்ணீர் பலகையைத் தொடாது. காயவிடுவது முக்கியம் என்று காக்கா மூன்று தரம் சொன்னார். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. இப்போது கச்சான் காற்று அடிக்கிறது, இதுதான் காலம். ஒக்டோபரில் ஆரம்பித்தால் மழைக்குள் மாட்டிக்கொள்வோம்.

வேலைக்கு வரும் தம்பிமாருக்கு ஒரு சொல். ரெசினை இறுகச் செய்யும் திரவத்தையும், வேகப்படுத்த விடும் கோபால்ட் திரவத்தையும் ஒன்றோடொன்று நேரே கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகே மற்றது. பைபர் தேய்க்கும் தூசு நெஞ்சுக்குள் போனால் லேசில் வராது. மூக்கை மூடாமல் யாரும் தேய்க்க வேண்டாம்.

இனி நாங்கள் அதிகம் கவலைப்படுகிற இடம். எட்டுப் பேர் பிடித்தும் போட் தூக்குப்படவில்லை. இந்த அளவு போட்டை எட்டுப் பேர் தூக்கலாம். இருக்கைகளுக்குக் கீழே அடைத்து மூடிய பெட்டிகளில் போம் இருக்கிறது. அந்தப் பெட்டியின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு துளை போட்டோம். தண்ணீர் சொட்டத் தொடங்கியது. மறுநாளும் சொட்டியது. "போட் அழுவுது சேர்" என்றான் ஒருவன்.

அந்த போம் எதற்கு என்று கேட்டால், இருக்கை உறுதிக்கு என்றுதான் பலர் சொல்கிறார்கள். இல்லை. பைபர் மிதக்கும் பொருள் அல்ல. தண்ணீரை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. போட் வெறுமையாக இருக்கும் வரை அதன் வடிவத்தால் மிதக்கும். ஒரு அலை உள்ளே வந்து நிரம்பிவிட்டால், பைபரும் என்ஜினும் கீழே இழுக்கும். அப்போது போட்டை மேலே பிடித்து வைப்பதும், பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிற ஆட்களைக் காப்பதும் அந்த போம் மட்டும்தான். தண்ணீர் ஊறிய போம் எப்போதும் பாரம். தேவைப்படும் நேரத்தில் உதவியும் இல்லை. என்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஆட்கள் கரையிலேயே நிற்பார்கள். போம் கெட்டுப்போன போட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறுவார்கள்.

இதைப் பிரித்து எடுத்தே ஆக வேண்டும். பதிலுக்கு ரெஜிபோமை வெட்டி வைத்து மேலே ரெசின் பூசலாம் என்று நினைக்கிறவர்கள், ஒரு சிறு துண்டில் பூசிப் பாருங்கள். கண்ணெதிரே கரைந்து போகும். பெற்றோல் பட்டாலும் அப்படியே. தண்ணீர் குடிக்காத போம் வாங்கக் காசு போதாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் போத்தல்களை அசையாமல் நெருக்கி அடைப்பது. கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். 1.5 லீற்றர் போத்தல் நூறு என்றால் 150 கிலோவுக்குக் கிட்டத் தூக்கும். 200 கிலோ பைபர் தண்ணீருக்குள் ஏறத்தாழ 67 கிலோவாகத்தான் கனக்கும். அதோடு என்ஜின் 40. மிச்சம் ஆட்கள் பிடித்துத் தொங்குவதற்கு. இன்னும் நூறு சேர்த்தால் மனதுக்கு நிம்மதி. பாதியையாவது பின்பக்கத்து இரண்டு விலாவிலும், விளிம்புக்குக் கிட்ட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரம்பிய போட் என்ஜின் பக்கம் அமிழ்ந்து அணியத்தை வானத்துக்குக் காட்டும், அல்லது புரளும். போத்தல் சேர்ப்பதை எங்கள் பிள்ளைகள் ஒரு கிழமையில் முடித்துவிடுவார்கள்.

என்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் போட்டை விட அதுதான் சுகமாக இருக்கிறது. கயிறு இறுக்கமில்லாமல் சுற்றியது. இரண்டு சிலிண்டரின் அமுக்கமும் பத்து வீதத்துக்குள்தான் வித்தியாசம். கீழே கியர் எண்ணெய் பால்கோப்பி நிறத்தில் வந்தது, அதாவது தண்ணீர் போயிருக்கிறது. விசிறியைக் கழற்றினால் தண்டில் தங்கூசி நூல் சுற்றிச் சீலை வெட்டியிருந்தது. சீல் மாற்ற வேண்டும். குளிர்நீர் பம்பின் றப்பர் விசிறி வளைந்தபடி விறைத்துவிட்டது, அதையும் மாற்ற வேண்டும். எண்ணெய்க் குழாயும் அப்படியே. காபரேற்றரைக் கழுவ வேண்டும். அவ்வளவுதான்.

பாஸ் அதைத் தற்காலிகமாகச் சரிபண்ணி, தண்ணீர் பரலுக்குள் வைத்து ஸ்டார்ட் பண்ணினார். ஒரு நிமிடம் ஓடியது. அதை யாரோ வீடியோ எடுத்து "போட் ரெடி, மாஷா அல்லாஹ்" என்று போட்டுவிட்டார்கள். நூற்றுக்கணக்கில் லைக். பரலுக்குள் ஓடியது என்ஜின், போட் அல்ல. அன்றிலிருந்து திறப்பு விழாத் திகதி கேட்டு எங்களுக்கு அழைப்பு ஓயவில்லை.

இனி காசு. ஊரிடம் வசூலிக்கப்போகும் ஒவ்வொரு ரூபாயும் அமானிதம். அது எந்த வரிசையில் செலவாகிறது என்பதை முதலே பேசிக்கொள்வோம். எங்கள் அபிப்பிராயம் இது: முதல் காசு பின்பலகைக்கும் மிதப்புக்கும். அடுத்தது உயிர்காப்பு அங்கிகளுக்கு, அதில் சிறு பிள்ளைகளின் அளவும் வேண்டும். அதன் பிறகு என்ஜின். மிஞ்சினால் பெயின்ட். மிஞ்சாவிட்டால் வெளுத்த போட்டாகவே ஓடட்டும், வெள்ளத்தில் நிற்கிறவர் நிறம் கேட்கமாட்டார்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறோம், பிறகு சொன்னால் கசக்கும். பின்பலகையை வெட்டித் திறக்கும்போது உக்கல் அடியில் ஓடும் நெடுங்கட்டைகள் வரை போயிருந்தால், நிறுத்திவிட வேண்டும். "இவ்வளவு செலவழித்தாயிற்றே" என்று மேலே மேலே போடுவதுதான் பழைய போட்டு காசு தின்னும் விதம். அந்தக் காசுக்கு நல்ல நிலையில் உள்ள பழைய போட் ஒன்றை வாங்கி, இந்த என்ஜினை அதில் மாட்டலாம். தந்தவர் மனம் நோகாதா என்று சிலர் கேட்கிறார்கள். அவரிடமே கேட்டோம். "ஆக்கள ஏத்தேலாதெண்டா ஏத்தாதீங்க, எனக்கு நிம்மதி" என்றார். அவருடைய நிய்யத்துக்குரிய கூலி நம்முடைய திறப்பு விழாவில் தங்கியிருக்கவில்லை.

அவருக்காக நாம் செய்ய வேண்டியது வேறொன்று. அணியத்தில் ஓஎப்ஆர்பி என்று தொடங்கும் பதிவிலக்கம் இன்னும் தெரிகிறது. அது அவர் பெயரில் இருக்கிறது. அவர் விமானம் ஏற முன் மீன்பிடித் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றத்தை முடிக்க வேண்டும். ஊர் ஓட்டுகிற போட்டுக்கு எங்கோ பாலைவனத்தில் வேலை செய்கிற மனிதர் பதில் சொல்லும்படி வைக்கக் கூடாது. மீன்பிடிக்கப் பதிந்த போட்டில் ஆட்களை ஏற்றுவது வேறு விசயம். பிரதேச செயலகத்திலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திலும் எழுத்தில் கேட்டு வைப்போம்.

எந்த நேரத்தில் ஓட்டக் கூடாது என்பதையும் முதலே முடிவு செய்ய வேண்டும். வீதியைக் குறுக்கறுத்துப் பாயும் தண்ணீரில் இந்த போட் போகக் கூடாது. அங்கே கடற்படை வரும் வரை ஆட்களைப் போகவிடாமல் தடுப்பதுதான் நம் வேலை. தேங்கி நிற்கும் வெள்ளத்தில், மூழ்கிய வீடுகளிலிருந்து முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் எடுக்க, மருந்தும் சாப்பாடும் கொண்டுபோக, இது நன்றாக உதவும். அங்கேயும் முட்கம்பி வேலிகள் தண்ணீருக்குக் கீழே இருக்கும். வளவுக்குள் என்ஜினைத் தூக்கிவிட்டுக் கம்பூன்றித்தான் போக வேண்டும். இரவில் வேண்டாம். மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும் வரையும் வேண்டாம். ஓட்டுகிறவர் என்ஜின் நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டாமல் ஓட்டக் கூடாது, அவர் யாருடைய மருமகனாக இருந்தாலும் சரி.

பக்கத்தில் எழுத ஒரு பெயர் வேண்டும் என்று துடிக்கிறவர்களுக்கு எங்கள் யோசனை: எத்தனை பேர் ஏறலாம் என்ற இலக்கத்தைப் பெரிதாக எழுதுங்கள். அந்த இலக்கத்தை யாரும் மனம்போனபடி சொல்லக் கூடாது. ஆளுக்கு 75 கிலோ என்று மண்மூட்டை ஏற்றி, விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் இரண்டு சாண் குறையாமல் எத்தனை ஆள் பாரம் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அதன் பிறகு, நெஞ்சளவு ஆழமுள்ள வாவித் தண்ணீரில், ஆட்கள் இல்லாமல், போட்டை வேண்டுமென்றே நிரப்ப வேண்டும். நிரம்பிய பிறகும் மட்டமாக நின்றால்தான் பிள்ளைகள் ஏறலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். போட்டுக்கு அந்தக் கட்டு இதுதான். விழா வேண்டுமென்றால் அன்றைக்கு வையுங்கள், பிரமுகரும் வந்து நிரம்புவதைப் பார்க்கட்டும்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பின்பலகையின் உட்தோலை வெட்டித் திறக்கிறோம், இன்ஷா அல்லாஹ். உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஊரே பார்க்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை. பலகைக்கும் ரெசினுக்கும் இரண்டு கடைகளில் எழுதி வாங்கிய விலைப்பட்டியல் அங்கே இருக்கும். வருகிறவர்கள் முகக்கவசமும், வீட்டில் கிடக்கும் மூடியுள்ள வெறும் போத்தல்களும் கொண்டு வாருங்கள். சிறு பிள்ளைகளைத் தேய்க்கும் இடத்துக்குக் கூட்டி வர வேண்டாம்.